இரவல் கொடுத்த மியூசியம்

என் உயிருக்கு உயிரான காதர் மாப்ளே,

நாம் ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

வீடு வீடாகப் பழைய பாத்திரம் பண்டங்களைக் கேட்டு வாங்கி, பஞ்சாயத்தின் பழைய விதைக் கிடங்கில் நீ வைத்த மியூசியத்துக்குப் போன வாரம் ஆபத்து வந்தது. இலவசக் கலர் டிவிகளை இறக்கிவைக்க அந்த இடம் வேண்டுமாம். பார்த்து முடிவெடுக்க யூனியன் ஆபீசர் வந்தார். வந்த நாள் எது தெரியுமா? ஊரில் மூன்று கல்யாணம் முடிந்த மறுநாள்.

"குடுத்தவுக கேட்டா எடுத்துக் குடுத்துரணும் மாமா" என்பாயே. மியூசியப் பொருளை எந்த ஊரிலாவது இரவல் கொடுப்பார்களா என்று உன்னோடு எத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்? நீ கண்ணை மூடிய பிறகும் உன் பேச்சைத் தட்ட மனசு வரவில்லை. அண்டா, தவலை, மரக்கால், கடகப்பெட்டி எல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போயிருந்தன. அலமாரியில் பெயர்ச்சீட்டுகள் மட்டும்தான் மிச்சம்.

ஆபீசர் சிரித்துவிட்டார். "பொருளே இல்லாம என்னய்யா மியூசியம்? சாயங்காலம் சாவியக் குடுத்துருங்க."

உன் மேல் அவ்வளவு கோபம் வந்தது, மாப்ளே.

அப்போதுதான் மேலத்தெரு பேச்சியம்மாள் தலையில் தவலையோடு வந்தாள். உள்ளே அரிசி. அவளுக்குப் பின்னாலேயே அண்டா நிறைய வாழைப்பழம், கடகப்பெட்டியில் அதிரசம், மரக்காலில் வெல்லம். வாசலில் வரிசையே நின்றுவிட்டது.

"என்னம்மா இதெல்லாம்?" என்றார் ஆபீசர்.

"எங்க வீட்டுத் தவலதான் சார். காதர் அண்ணன் கேட்டாகன்னு இங்கன குடுத்தோம். விசேசத்துக்கு எடுத்துட்டுப் போவோம், திருப்பிக் கொண்டாருவோம். இரவல் வாங்குன ஏனத்த வெறுசாவா குடுப்பாக?"

ஆபீசர் அதிரசத்தைத் தின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தார். புறப்படும்போது சொன்னார்: "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். டிவிக்கு வேற இடம் பாக்கச் சொல்றேன்." வண்டியில் ஏறப் போனவர் திரும்பி, "அனுமந்தன்பட்டியில எங்க வீட்டுலயும் ஒரு பெரிய பித்தளைச் சருவம் கெடக்கு. எடுத்துக்கிருவீகளா?" என்றார்.

எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? மீசையைத்தான் தடவியிருப்பாய், எனக்கு எரிச்சல் கிளம்பியிருக்கும்.

உன் மகள் நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று. உங்கள் வீட்டிலிருந்து மியூசியத்துக்கு வந்த பிரியாணித் தேக்சாவை நானே புளி போட்டுத் துலக்கி, தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். இது சத்தியம். திருப்பும்போது அது வெறுமனே வராது என்று எனக்குத் தெரியும். உன் பங்கையும் சேர்த்து நானே தின்பேன்.

உன்னோடு மல்லுக்கட்டித் தோற்ற மாமன்,
செல்லையா