திங்கட்கிழமைத் துணை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும், எனக்கு அதுதான் முதல் விசாரம். நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் நடமாட்டத்துக்குக் குறைவில்லை.

பத்துத் தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். புற்றுக்குக் கரண்ட் வைத்து வைத்துத் தொண்டை புண்ணாகிக் குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது, கேட்டால் பயந்துவிடுவாய் என்றுதான் எடுக்கவில்லை. பேச்சுத்துணைக்கு ரேடியோவைப் போட்டுவிட்டு அது சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன், நல்ல வேளை பார்க்க யாரும் இல்லை.

இனி எழுதுவதைத் திட்டாமல் படி. தினமும் கரண்ட் வைப்பதோடு திங்கட்கிழமை மட்டும் டிரிப்ஸில் ஒரு மருந்து ஏற்றுவார்கள் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்குத் துணைக்கு ஒரு ஆள் கூடவே இருந்தாக வேண்டும். என்னோடு பெயிண்ட் அடித்த கூட்டாளி வருகிறான் என்று உன்னிடம் அளந்தேன், அவன் மகன் வீட்டோடு போய் ஐந்து மாதமாகிறது. முதல் திங்கள் நர்ஸம்மா கேட்டபோது மகள் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறாள் என்று வாய்கூசாமல் சொன்னேன், ஏற்றிவிட்டார்கள். அடுத்த வாரம், மகளைக் கண்ணுல காட்டுங்கய்யா, அப்புறம் படுக்கலாம் என்றுவிட்டார். கரண்டை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன், அதற்கடுத்த திங்களும் அப்படியே. நோயை எரிப்பது கரண்ட்தானே, மருந்து சும்மா கூடுதலுக்குத்தானே என்று என் புத்தி.

நேற்று டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டுப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். கரண்ட் பட்டு அடிவாங்கின புற்று தன்னைத்தானே சரிபண்ணிக்கப் பார்க்கும் பெரியவரே, சரிபண்ணிக்க விடாம வைக்கிறதே இந்த மருந்துதான், இது இல்லாம கரண்ட் முழுசா வேலை செய்யாது என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத சுவரில் பெயிண்ட் நிற்காது என்று நாற்பது வருஷம் வீடு வீடாகச் சொன்னவன், என் தொண்டை விஷயத்தில் கோட்டை விட்டேன். இன்னும் மூன்று திங்கட்கிழமை இருக்கிறது, ஒன்றைக்கூட விடக்கூடாது என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

எதிர்வீட்டாரைக் கேட்கலாம் என்று போய்க் கதவைத் தட்டினேன். திறந்ததும் பேப்பர் வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. உனக்கு லீவு கிடைக்காது, பேரனுக்குப் பரீட்சை என்று உன் சார்பில் நானே காரணம் சொல்லி இத்தனை நாள் உன்னைத் தடுத்துவிட்டேன். வரவேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் வெறும் வீறாப்பு கண்ணு. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வா.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். வருகிற திங்கள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், மறந்துவிடாதே. தபாலில் போட்டால் நாளாகும், ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அவர் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா