வாசு பந்தியில்தான் உட்காருவான்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
16 டிசம்பர் 1934

சிரஞ்சீவி வேலுவுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. ஈப்போவில் மருமகளின் இருமல் தவிர நீங்கள் இருவரும் சுகமென்று உன் கடிதத்தில் அறிந்தேன். இங்கும் எல்லோருக்கும் உடம்பு சுகந்தான், அதைப் படித்த பிறகு எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. எழுதுவது தங்கை லெட்சுமி, வார்த்தை என்னுடையது. கொஞ்சம் தணித்து எழுதட்டுமா என்று கேட்டாள், ஒன்றையும் மாற்றாதே என்றேன்.

பொங்கலுக்கு மாமனாரோடு வருகிறேன், தம்பி வாசுவைப் பின்னறையில் இருக்கச் சொல்லுங்கள் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது. தீபாவளியன்று சோற்றில் கை வைத்தபடியே அவன் தூங்கிப்போனான், உன் மாமனார், "என்னா மாப்பிள்ள, தம்பி காலையிலேயே சண்டுக் கடைக்குப் போயிட்டு வந்துட்டாரா" என்றார், பந்தியே சிரித்தது, நீயும் சிரித்தாய். சண்டுக் கடை அபின் புகையை அவன் மோந்துகூடப் பார்த்ததில்லை. இது தூக்க வியாதி, சோம்பல் இல்லை என்று டாக்டர் உன் முன்னால்தானே சொன்னார். லெட்சுமியும் பள்ளிக்கூடத்து வைத்தியப் புத்தகத்தில் தேடிப் பார்த்தாளாம், அதிலும் அப்படியே போட்டிருக்கிறது, பக்க எண்ணையும் எழுதட்டுமா என்கிறாள். அவன் வேலை செய்யும் சரக்குக் கிட்டங்கியில் சீன முதலாளி தவுக்கே, கண் சொருகினால் மூட்டைமேல் பத்து நிமிஷம் படுத்து எழுந்திரு, பிறகு வேலையைப் பார் என்கிறார். கூடப் பிறந்த உனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

உன் கடிதத்தை முதலில் பிரித்துப் படித்தவன் வாசுதான். நேற்றுச் சாப்பிடும்போது பச்சை மிளகாயை வாயில் அடக்கிக்கொண்டு தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். என்னடா இது என்றேன். "பொங்கலன்னைக்குத் தூங்காம இருக்கப் பழகுறேம்மா, அண்ணன் பேரு கெடக் கூடாதுல்ல" என்றான். தொடை முழுக்கக் கன்றிக் கிடக்கிறது.

ஆகையால் கேள். பொங்கலன்று வாசு பந்தியில் உன் பக்கத்தில் உட்காருவான். கண் சொருகினால் இலையை நகர்த்திவிட்டு அவன் தலையை உன் தோளில் வாங்கிக்கொள். யாரும் தட்டி எழுப்ப வேண்டாம், தானே விழித்து மீதியைச் சாப்பிடுவான். மாமனாரிடம் இது வியாதியென்று ரயில் ஏறுமுன் உன் வாயால் சொல். அதற்கு வெட்கமாயிருந்தால் வராதே, நாங்கள் மூன்று பேரும் பொங்கிக்கொள்கிறோம்.

மருமகளுக்கு இருமல் நிற்கும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இருவரும் நூறாண்டு நன்றாயிருங்கள், தண்ணீர்மலை முருகன் துணை. இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, வாசு பெயருக்கு எழுது.

கோபம் தீராத உன் அம்மா
வள்ளியம்மா