உதய்ப்பூரில் நடந்தோம்

6.2.91

டைப்பிங் செக்‌ஷனில் இன்றைக்கும் கேலி. முப்பத்தாறு வயதில் புதுப்பெண் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் கஜபதி இன்னும் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுகிறார். நானும் அப்படியே. கொரட்டூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விருந்தாளி. கடைசி அப்பளத்தை அவர் என் பக்கம் தள்ள, நான் அவர் பக்கம் தள்ள, அது தட்டிலேயே நமுத்துப்போனது.

சாப்பிட்டு முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஆவடி ஃபேக்டரியில எனக்கு லீவுல போய்வர ரயில் டிக்கெட்டு கீதுங்க. உதய்ப்பூர் போய்ட்டு வரலாமா? ஊருக்குள்ளயே ஏரி கீதாம். எல்லாத்தையும் நடந்தே பாத்துடலாமாம்."

திருப்பதியைத் தாண்டாதவள் நான். ஏன் உதய்ப்பூர் என்று கேட்கத் தோன்றவில்லை. சரி என்றேன்.

11.2.91

ரயில். இன்னும் ரயில். ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, என் தலைக்கு மேலே எட்டி எட்டி வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார்.

13.2.91

வந்து சேர்ந்தோம். அகமதாபாத்தில் மாறி ஏறிய சின்ன ரயிலில் இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் ஊர்! லாட்ஜை விட்டு இறங்கினால் சந்து, சந்து திரும்பினால் கோயில், கோயிலைத் தாண்டினால் தண்ணீர். இங்கே குளிர் எலும்பில் ஏறுகிறது. அவர் தன் மப்ளரை அவிழ்த்து, கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு, என் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார். நானே எடுத்துச் சுற்றிக்கொண்டேன்.

நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷனோடு என்ன பேசுவது?

14.2.91

கோபமா சிரிப்பா, எனக்கே தெரியவில்லை.

காலையில் பிச்சோலா ஏரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் நடுவே வெள்ளை அரண்மனை மிதக்கிற மாதிரி நின்றது. அழகா இருக்கு இல்ல, என்றேன். அவர் படியில் கிடந்த காய்ந்த இலையைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். பிறகு சொன்னார்: "ராஜம்மாவுக்கு இந்த ஊரைப் பாக்கணும்னு ஆசைங்க. டிக்கெட்டு கூட எடுத்து வெச்சேன். அதுக்குள்ள போய்ட்டா."

ராஜம்மா அவருடைய முதல் மனைவி. காமாலையில் போனவள். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். ஆனா — அவ பாக்க வேண்டிய ஊர்ல எனக்கு இன்னா வேலை? அவ சீட்டுல குந்திகினா இவ்ளோ தூரம் வந்தேன்?

எழுந்து நடந்தேன். பின்னால் கூப்பிட்டார். திரும்பவில்லை.

சந்துக்குள் சந்து. வெள்ளிக் கடைகள், சாயம் சொட்டக் காய்கிற துணிகள், வழியை அடைத்துக்கொண்டு ஒரு மாடு. அழுதுகொண்டேதான் நடந்தேன். ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அழுகை நின்றுவிட்டது. ஒரு மேட்டின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால், வீடுகளின் இடுக்கில் ஏரி. எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உப்பிய கச்சோரி ஒன்றை இலையில் வைத்து நீட்டினாள். அவள் சொன்னது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நின்று நிதானமாகத் தின்றேன். துணைக்கு ஆளில்லாமல் தெரியாத ஊரில் நடப்பது இதுதான் முதல் தடவை. பயமாகவே இல்லை. ஏன் இல்லை?

வழி கேட்டு, தொலைத்து, மறுபடி கேட்டுப் படித்துறைக்கு வந்தால் கூட்டம். அவர் முழங்கால் தண்ணீரில் பேண்ட்டோடு நிற்கிறார். "பானி! மேரா வைஃப்! பானி!" என்று ஏரியைக் காட்டிக் கத்துகிறார். படகுக்காரன் பாவம், தாகம் என்று நினைத்துச் சொம்பில் தண்ணீரை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

என்னைப் பார்த்ததும் தடுமாறிக்கொண்டு கரையேறினார். முகமெல்லாம் கண்ணீர். "எங்கடி போய்ட்ட? ஏரில எறங்கிட்டியோன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுடி!"

"நான் எதுக்கு ஏரில எறங்கறேன்? கச்சோரி துன்னுகினு இருந்தேன்."

படகுக்காரன் கொடுத்த தண்ணீரைக் கடகடவென்று குடித்தார்.

லாட்ஜ் படியேறும்போது மெதுவாக, "மன்னிச்சிக்கங்க. அவசரத்துல 'டி' போட்டுட்டேன்."

"பரவால்ல. அப்படியே கூப்டுங்க."

15.2.91

ஃபதே சாகர் ஏரிக்கரை ரோட்டில் நடந்தோம். நானாகத்தான் ஆரம்பித்தேன். ராஜம்மா எப்படி?

"நடக்கவே மாட்டா. பாதி வழியில குந்திக்குவா, ரிக்‌ஷா கூப்பிடுன்னுவா. நீ இன்னாடான்னா நிக்கவே மாட்டேன்ற."

சிரித்தேன். அவளுக்குக் கறுப்பு திராட்சை பிடிக்குமாம், இடி என்றால் காதைப் பொத்திக்கொள்வாளாம். கேட்கக் கேட்க அவள் மேல் எனக்கு இருந்த பயம் குறைந்தது. என் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறவளாக நினைத்திருந்தேன். அவளும் ஒரு பெண், அவ்வளவுதான்.

"உனக்கு எந்த ஊரு பாக்கணும்?" என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லையே. ரோடு முடிகிற இடம் வந்த பிறகுதான் கன்னியாகுமரி என்றேன்.

16.2.91

கடைசிக் காலை. இருட்டோடு எழுந்து படித்துறைக்கு ஓடினோம். பனியில் அரண்மனையே தெரியவில்லை. அது தெரியும்வரை நின்றோம், ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.

2.4.91

முதல் சண்டை. நெத்திலிக் குழம்பில் புளி அதிகம் என்றார். கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு முனியம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

26.7.91

ஆடி. நூம்பலிலிருந்து அம்மா வந்து கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். புதுப்பெண் ஆடியில் புருஷனோடு இருக்கக் கூடாதாம். இந்த வயசிலா என்றேன். "வயசு இன்னாடி வயசு, மொறைன்னு ஒண்ணு இல்ல?"

பிறந்து வளர்ந்த அறை. நான் படுத்த பாய். தூக்கம் வரவில்லை.

29.7.91

காலையில் பையை எடுத்து வைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"ஊட்டுக்குப் போறேம்மா."

"அப்போ இது இன்னா, சத்திரமா?"

கொரட்டூரை வீடு என்று சொன்னது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அம்மா டிபன் கேரியரை இறக்கிக் கழுவினாள். வறுத்த கருவாட்டை அதில் அள்ளி வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஆவும். போ."