நாலு ஒளியாண்டுக்கு மேல் கிடையாது

நாற்பத்தொன்றாம் பக்கம் கிடைத்துவிட்டது. நம் அலுவலக அக்கா மிதாலிதி இப்போது பணி ஓய்வு பெற்று, நாள் முழுக்க இணையத்தில் எதையாவது தோண்டிக்கொண்டிருக்கிறார். நேற்று அவர் வீட்டுக் கணினியில் நம் பழைய விண்வெளி ஆட்டத்தின் விதிப்புத்தகம் முழுசாகத் திறந்து கிடந்தது. நம் பிரதியில் கிழிந்துபோயிருந்த பக்கமும் அதில் இருந்தது. கப்பலின் எஞ்சினுக்கு ஓய்வே தேவையில்லையாம். எவ்வளவு தொலைவானாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாமாம். அத்தனை வருஷமும் தப்பாகவே ஆடியிருக்கிறோம்! இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி இங்கே வங்காளத்தில் எங்கள் அலிப்பூர் அலுவலகத்துக்கு வந்தவள் நீ. கோல்பார்க் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ராக்கெட் அட்டையைப் பார்த்து நாவல் என்று நினைத்து அந்தப் புத்தகத்தை வாங்கினாய். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, "ஏட்டி, இது கதையில்ல. நாமளே கதைக்குள்ள போயி ஆடுத ஆட்டம்" என்றாய். ஒருத்தி நடுவராக இருந்து உலகத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை முடிவு சொல்லும். நீ நடுவர், மிதாலிதி கப்பல் தலைவி, நான் ஓட்டுநர். ஞாயிறு மதியங்களில் டாக்குரியாவில் எங்கள் வீட்டுக் கட்டில்தான் விண்வெளி.

ஒளியைவிட எவ்வளவு வேகமாகப் போகலாம் என்ற பக்கம் மட்டும் இல்லை. இயற்பியல் படித்தவளாயிற்றே, நீயே ஒரு விதி எழுதினாய். ஒரு தாவலுக்கு நாலு ஒளியாண்டு. தாவ ஒரு நாள். பிறகு எஞ்சினுக்கு மூன்று நாள் ஓய்வு. "ஆரே பாபா, கற்பனையிலுமா வேகக் கட்டுப்பாடு?" என்று மிதாலிதி வங்காளியில் அலுத்துக்கொண்டார். நீ அசையவில்லை. "வெளிச்சத்த முந்துறதே பொய்தான். ஒரு பொய்யச் சொல்லிட்டா, மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கணும்ட்டி."

அந்த ஒழுங்குதான் நம்மைச் சண்டையில் கொண்டுபோய் விட்டது. இருபத்துநாலு ஒளியாண்டு தள்ளி ஒரு சுரங்கக் கோளில் காய்ச்சல். மருந்து நம் கப்பலில். பத்து நாளில் கெட்டுவிடும். வழியில் ஐந்து துறைமுகங்கள், ஆறு தாவல்கள். ஓய்வையும் சேர்த்தால் இருபத்தொரு நாள். அங்கே நானூறு பேர் சாகப் போகிறார்கள்.

"ஒரு தடவை மட்டும் ஓய்வில்லாம தாவ விடேன்" என்றேன்.

"முடியாது."

"இல்லாத கப்பலுக்கு எதுக்குடி இவ்வளவு சட்டம்?"

"கப்பல் இல்லதான். நான் குடுத்த வாக்கு இருக்குல்லா?"

பகடையைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழுந்தேன். திங்கள் முதல் வியாழன் வரை உன்னோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்துகொண்டு, கோப்புகளை மிதாலிதி வழியாகக் கொடுத்து வாங்கினோம். அவருக்கு அலுத்துப்போயிற்று. மனசுக்குள் நானோ அந்த நானூறு பேரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மினிபஸ் கூட்டத்தில் நசுங்கி நிற்கும்போது சட்டென்று தோன்றியது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் உன் மேஜைக்கு வந்தேன். "ஓய்வு எஞ்சினுக்குத்தானே? மருந்துக்கு இல்லையே? ஒவ்வொரு துறைமுகத்துலயும் ஓய்வு முடிஞ்ச கப்பல் ஒண்ணு நிக்கும்ல? அதுல மருந்த மாத்திட்டா?"

நீ பேனாவைக் கீழே வைத்தாய். "ஏட்டி, இது எனக்கே தோணலையே!" என்று நீ கத்தியதில் பிரிவே திரும்பிப் பார்த்தது.

விதியை நீ தளர்த்தவில்லை. துறைமுகத்துக்கு ஒரு தலைவராக, ஐந்து தலைவர்களை உண்டாக்கி எங்கள் முன் நிறுத்தினாய். ஒருவர் லேக் மார்க்கெட் அப்பளக் கடைக்காரர் மாதிரியே பேரம் பேசினார். இன்னொருவர் மகள் கல்யாணத்துக்கு வந்தால்தான் கிளம்புவேன் என்றார். கடைசித் தலைவி அச்சு அசல் நம் பிரிவு அதிகாரியின் குரலில் மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கேட்டாள். மிதாலிதி சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்தே விழுந்தார். முதல் துறைமுகத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. தன் கப்பலை அங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றபோது மிதாலிதி கப்பல் கணக்கு எழுதிய தாளை மடித்துக் கட்டிலில் வைத்தார். பிறகு, "சரி, போகலாம்" என்று பகடையை எடுத்தார். மூன்று ஞாயிறு ஆடினோம். எட்டாம் நாள் மருந்து சேர்ந்தது.

பிறகு நீ சென்னைக்கு மாற்றலாகிப் போனாய். மின்னஞ்சலில் ஆட்டம் தொடர்ந்தது. உடம்பு முடியாமல் நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்தேன். என்ன பேசுவது என்று ரயில் முழுக்கக் கவலைப்பட்டேன். என்னைப் பார்த்ததும் நீ கேட்டது, "பகடை கொண்டாந்தியா? இந்தத் தடவ நீ நடுவரா இரு. நான் ஆடுதேன்." அத்தனை வருஷத்தில் உனக்கென்று ஒரு பாத்திரமே இருந்ததில்லை. கப்பல் சமையல்காரி ஆனாய். பத்தே நிமிஷத்தில் ஆரம்பித்தாய்.

"ஏட்டி, ஒரே ஒரு ஒளியாண்டு கூட்டிக் குடேன்."

"முடியாது."

"நோயாளி கேக்கேன்!"

"நோயாளியா இருந்தாலும் நாலுதான்."

நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு துறைமுகத்தில் இறங்கி, சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டாய். அதோடு விளையாட்டை நிறுத்தினோம். அடுத்த மாதம் நீ எங்களை விட்டுப் போய்விட்டாய்.

இப்போது ஞாயிறுகளில் நான்தான் நடுவர். மிதாலிதியும் அவருடைய அண்ணன் பெண்ணும் ஆடுகிறார்கள். நாற்பத்தொன்றாம் பக்கம் கிடைத்ததால் வேகத்தைக் கூட்டலாமா என்று நேற்றே ஓட்டுக்கு விட்டோம். யாரும் கை தூக்கவில்லை. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும், மூன்று நாள் எஞ்சின் ஆற வேண்டும். அங்கே எங்கேயாவது உன் கடை இருந்துவிடுகிறது. வங்காளி கலந்த தமிழ்தான் எனக்கு வரும். ஆனால் அந்தச் சமையல்காரி பேசும்போது மட்டும் என் வாயில் திருநெல்வேலி வந்துவிடுகிறது: "என்னட்டி அவசரம்? கப்பல் எங்கயும் போயிராது. உக்காந்து சாப்பிடு."