ஹம்பிக்குக் கட்டிய பைகள்

4 ஜனவரி 1978, புதன்

இன்று நான் சொல்லாதது: "நானும் வருகிறேன்."

மத்தியானச் சாப்பாட்டில் அண்ணன் சங்கரபாண்டியன் சொன்னான். பொங்கல் கழிந்ததும் அவனும் அவன் சிநேகிதன் ரோச்சும் மோட்டார் சைக்கிளில் ஹம்பி போகிறார்களாம். அவனுக்கு ஹம்பி என்ற பெயரைச் சொன்னவளே நான். நூலகத்துப் புத்தகத்தில் கல் ரதத்தின் படத்தைக் காட்டி, துங்கபத்திரையைப் பற்றி வாய் ஓயாமல் பேசினவளும் நான். இப்போது அது அவனுடைய யோசனை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே "போயிட்டு வாங்கலே" என்றார், உப்பு மூட்டை அடுக்கும் எங்கள் கிட்டங்கி வரைக்கும் போய்வரச் சொல்வது போல. அம்மாவுக்கு ஒரே கவலைதான், சாமான் யார் கட்டுவது.

"வடிவு கட்டிக் குடுப்பா" என்றான் அண்ணன்.

சரி என்றேன். பி.ஏ. முடித்து வீட்டில் இருக்கிறேன், மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இப்படி இருக்கிற பெண்ணுக்கு ஹம்பி புத்தகத்தில் இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். போதவில்லை.

6 ஜனவரி

வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அண்ணன் பிரித்ததே இல்லை. பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. ஒரே மூச்சில் வாசித்தேன். கிளட்ச் கம்பி அறுந்தால், பிளக்கில் கரி பிடித்தால், செயின் விட்டுப்போனால் என்று அத்தியாயத்துக்கு ஒரு ஆபத்து, முடிவில் ஒரு மீட்சி. எத்தனையோ நாவல்களில் இந்த ஒழுங்கு கிடையாது.

8 ஜனவரி, ஞாயிறு

அண்ணனோடு சண்டை. வியாழக்கிழமை கன்னியாகுமரி வரைக்கும் ஒரு வெள்ளோட்டம் போகிறார்களாம். அதற்கு அவனே கட்டிவிட்டான். மாற்றுக் கம்பி, பிளக், ஸ்பானர் எல்லாவற்றையும் உப்புச் சாக்கில் சுற்றி அடியில் வைத்து, மேலே துணிமணி.

எங்கள் வீட்டில் எதுவும் உப்புச் சாக்கில்தான் கிடக்கும். அப்பாவின் கிட்டங்கியில் காலியானது வீட்டுக்கு வரும். விறகு, தேங்காய், பழைய செருப்பு எல்லாம் அதற்குள் போகும். இந்த ஊரில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றாது.

"மூணு தண்ணி அலசியாச்சு" என்றான்.

சாக்கின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. கடற்காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் இது குடிக்கும், உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும் என்றேன்.

"ஏளா, தாத்தா காலத்துல இருந்து உப்பு யாவாரம் பாக்கோம். உப்பப் பத்தி எனக்கே படிச்சுக் குடுக்கியா?"

நானும் அதே தாத்தாவின் பேத்திதான். சொல்லவில்லை. இந்த மாதம் சொல்லாதவை கூடிக்கொண்டே போகின்றன.

12 ஜனவரி

வண்டி வீட்டுக்கு வந்தது. லாரியில்.

உவரி தாண்டி கிளட்ச் கம்பி அறுந்திருக்கிறது. ரோச் அண்ணன் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து, பாதியைக் கையாலேயே சொன்னான். "ஸ்பானர் அடியில இருக்கு. அத எடுக்க சட்டை, வேட்டி, முறுக்கு டப்பா எல்லாத்தையும் ரோட்டுல கடை விரிச்சோம். சைக்கிள்ல வந்த ஒருத்தர் நின்னு வெல கேக்காரு."

"மாத்துக் கம்பி?" என்று கேட்டேன்.

"அது சங்கரன் சாக்குக்குள்ள கருவாடாயிருச்சு. உறைக்குள்ள இழுக்கோம், இழுக்கோம், அசையவே மாட்டேங்கு."

அண்ணன் சிரிக்கவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் புதுக் கம்பியை என் முன்னால் வைத்தான். "நீயே கட்டுளா."

13 ஜனவரி

நாளெல்லாம் கட்டினேன்.

ரோச் அண்ணன் கொண்டுவந்து தந்த படகுக் கித்தானில் இரண்டு பை தைத்தேன், பின்சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தொங்க. கம்பிக்கு எண்ணெய் பூசி, பழைய சைக்கிள் டியூபுக்குள் விட்டு, இரு முனையையும் இறுக்கிக் கட்டினேன். நடுவழியில் நின்றுபோனால் கை முதலில் எதைத் தேடும்? அது மேலே. டயர் கழற்றும் இரும்பும் பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் இடது பையில். இது பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி, அதனால் ஆயில் டப்பா வலது பையில், துணி பக்கத்தில் வராமல். பெங்களூரில் குளிரும் என்று அம்மா திணித்த போர்வையை வெளியே எடுக்க மனம் வரவில்லை. முறுக்கை எடுத்துவிட்டேன்.

பிறகு இரண்டு பையையும் கிட்டங்கிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய தராசில் எதிரெதிர்த் தட்டில் வைத்தேன். முள் நேராக நிற்கும்வரை ஸ்பானரை அங்கும் இங்கும் மாற்றினேன். அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். முள்ளை ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவும் வேறு யாரோ போவதற்கு.

16 ஜனவரி

பெண் பார்க்க மாசியில் வருகிறார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அடுக்களையில் பேசியது கூடம்வரை கேட்டது.

18 ஜனவரி, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் ரோச் அண்ணன் வந்தான், முகமே சரியில்லை. மழையில் கலங்கிக் கிடந்த கடல் தெளிய இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று அவனும் அண்ணனும் நம்பியிருந்தார்கள். தெளிந்துவிட்டது. கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கப் படகுகள் புறப்படுகின்றன. இவன் போகாவிட்டால் இவன் அப்பாவின் படகில் குளிக்க ஆள் இல்லை.

"நான் இல்லன்னு நிக்காதலே" என்றான் அண்ணனிடம். "பையக் கட்டுனவளக் கூட்டிட்டுப் போ. வழியில நின்னா என்னவிட அவதான் லாயக்கு."

அண்ணன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தான். அப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நான் வாரேன்" என்றேன்.

அம்மாதான் முதலில். "பொம்பளப் பிள்ள பைக்குல ஏறி ஊரு ஊராப் போவுமா? பாக்க வாரவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அப்பா வெற்றிலையை வாயில் போட்டு மென்றார். "எப்படி உக்காருவ? ஒரு பக்கமா உக்காந்தா உன் காலு கெடக்குத எடத்துல இடது பை எங்கன தொங்கும்? அதக் கழட்டுனா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

வேண்டாம் என்று சொல்லவில்லை! பாரத்தைப் பற்றிக் கேட்கிறார்.

"ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தாம்ப்பா" என்றேன். "பேண்ட் போட்டுக்கிடுதேன்."

அம்மா அரிசிப் பானையை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"நாளைக்கு வண்டிய வாசலுக்குக் கொண்டா" என்றார் அப்பா.

19 ஜனவரி

கைவிரல் வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

பைகளை மாட்டி வண்டியை வாசலில் நிறுத்தினேன். எதிர்க் கடை மந்திரமூர்த்தி அண்ணாச்சி தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். அவர் பின்னால் நாலு பேர். அப்பா சுற்றி வந்தார், இரண்டு பையையும் தூக்கிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து கோணி ஊசியை எடுத்தார், கிட்டங்கியில் சாக்குத் தைக்கிறது. முன்சக்கர டயரின் வரிப்பள்ளத்தில் வைத்து, ஒரு செங்கல்லால் ஓங்கி ஒரு அடி. உஸ்ஸென்று காற்று இறங்கியது.

"இப்பம் என்ன செய்வ?" என்றார். "சங்கரன் காய்ச்சல்ல படுத்துட்டான்னு வச்சுக்கோ. அவன் கை வைக்கப்பிடாது."

சேலையை இழுத்துச் செருகினேன். இடது பையைத் திறந்தேன். தேடவில்லை, எல்லாம் கைக்கு வந்தது. கல்லூரிக்குப் போன நாளில் என் சைக்கிளுக்கு நானே பஞ்சர் ஒட்டுவேன். ஆனால் இந்த டயர் மாடு மாதிரி முரண்டு பிடித்தது. இரும்பு இரண்டு முறை வழுக்கி விரலில் விழுந்தது. புத்தகத்தில் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லியிருந்தது. தடவினேன். விளிம்பு வழிவிட்டது.

"காசிலிங்கம்" என்று அண்ணாச்சி அப்பாவைக் கூப்பிட்டார். "மவளுக்கு மாப்பிள்ளை பாக்கீரா, மெக்கானிக் கடைக்கு எடம் பாக்கீரா?"

"ரெண்டும் பாக்கேன் அண்ணாச்சி. எது மொதல்ல அமையுதோ."

கூட்டம் சிரித்தது. என்னைப் பார்த்து இல்லை. ஒட்டி, மாட்டி, காற்றடித்து நிமிர்ந்தபோது முதுகு நனைந்திருந்தது. அப்பா டயரை உதைத்துப் பார்த்தார். காற்று நின்றது.

"மதுரையிலயும் சேலத்துலயும் பெங்களூர்லயும் நம்மகிட்ட உப்பு வாங்குதவங்க இருக்காங்க. ராத்திரி அவங்க வீட்டுலதான் தங்கணும்" என்றார். அவ்வளவுதான்.

நான் போகிறேன்.

20 ஜனவரி

அண்ணனின் பழைய பேண்ட்டை அம்மா இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். என்னோடு பேசவில்லை. ஆனால் தையல் இரட்டைத் தையல்.

24 ஜனவரி, சேலம்

கரூர் தாண்டி செயின் விட்டது. மாற்றுக் கொக்கி வலது பையின் மேல்மடிப்பில். ஒரு பஸ் எங்களைக் கடந்து போவதற்குள் அண்ணன் மாட்டிவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே, "ஏளா, நல்லாக் கட்டிருக்க" என்றான்.

29 ஜனவரி, ஹம்பி

பாறைகள். பாறைகளுக்கு மேல் பாறைகள். புத்தகத்தில் இந்தச் சூடு இல்லை, கல்லில் கை வைத்தால் தெரிகிற சூடு. கல் ரதத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

சாயங்காலம் ஆளில்லாத ஒரு சாலையில் அண்ணன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "ஓட்டிப் பாரு" என்றான். மூன்று முறை நின்றுபோனது. நாலாவது முறை நிற்கவில்லை.

2 பிப்ரவரி, பெங்களூர்

சித்ரதுர்க்காவிலிருந்து தும்கூர்வரை நான். பின்னால் அண்ணன் தூங்கிவிட்டான். என் முதுகில் தலையை வைத்து, சின்னப் பிள்ளையில் தூங்குவானே, அப்படி.

5 பிப்ரவரி, ஞாயிறு

குறுக்குச்சாலையில் டீ குடித்தோம். ஊர் அரைமணி தூரம்தான். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, "இனி நான் ஓட்டட்டா?" என்றான்.

"ஏன்?"

"உனக்கு லைசென்ஸ் இல்ல. ஊருக்குள்ள போலீஸ் நிப்பான்."

"தும்கூர்ல போலீஸ் இல்லியா அண்ணே?"

அவன் சாலையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவனுக்குப் பயம் போலீஸைப் பற்றி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

மந்திரமூர்த்தி அண்ணாச்சி கடையைத் தாண்டி, எங்கள் வீட்டு வாசல் வரைக்கும், வண்டியை நான் ஓட்டினேன்.