வீடு கொடுத்தவர்களின் போட்

கிட்டங்கி ஆற்றங்கரை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் முர்ஷிதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்த வெயிலிலும் புழுதியிலும் அல்லாஹ் உன் உடம்பைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நாங்களும் இருக்கிறோம்.

தினமும் போனில் கதைக்கிற உம்மா எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நாங்கள் குடியிருக்கிற இந்தப் போட்டில் தனியாகக் கதைக்க ஒரு மூலை கிடையாது, மகன். நான் முன்பக்கத்தில் பெருமூச்சு விட்டால் உன் வாப்பா பின்பக்கத்திலிருந்து என்னவென்று கேட்பார். நீ எங்களுக்குப் போன் எடுத்தாலும் சத்தமாகப் போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிடுவார். இப்போது அவர் ஜும்ஆவுக்குக் கல்முனைக்குப் போயிருக்கிறார். நான் அக்கரையில், சொறிக்கல்முனை பூமணியின் குசினியில் அடுப்படியோரம் இருந்து எழுதுகிறேன். உன் கூட்டாளி சரீப் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும்போது இதைக் கொண்டுவந்து தருவான். வாசித்துவிட்டு மூத்தவள் ஹிமாயா ராத்தாவுக்கும் தங்கச்சி நஸ்லாவுக்கும் படம் எடுத்து அனுப்பிவிடாதே.

முதலில், பொடியன் ஒருவன் போட்டுக்கு வந்து எங்களை எடுத்து நெட்டில் போட்ட அந்த வீடியோ. உன் அறையில் இருக்கிற எல்லோருக்கும் காட்டினாய், எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள் என்று சந்தோஷப்பட்டாய். 'ஓய்வுக்குப் பிறகு கடலில் வாழும் காதல் ஜோடி' என்று அந்தப் பொடியன் பேர் போட்டிருக்கிறான். நாங்கள் கடலுக்குப் போனதே இல்லை. இந்த ஆற்றில்தான் கிட்டங்கியிலிருந்து மண்டூர், மண்டூரிலிருந்து கல்லாறு, காற்று மாறினால் திரும்பக் கிட்டங்கி. வீடியோவில் உன் வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வெள்ளைக்காரன் பென்சன் எடுத்தா என்ன செய்றான்? சொந்தமா போட் வாங்கி உலகத்தச் சுத்துறான். நாங்க எங்கட ஆத்தச் சுத்துறம். வாடகையும் இல்ல, வழக்கும் இல்ல" என்று சிரிக்கிறார். என் கையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தந்து, சூரியன் இறங்குவதைப் பார்க்கச் சொன்னான். கோப்பையில் ஒன்றும் இல்லை. நான் பார்த்ததும் சூரியனை அல்ல. கரையில் தெரிந்த பூமணியின் வளவுக் கக்கூசைத்தான். இவன் எப்போது முடிப்பான், நான் எப்போது இறங்குவேன் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டு வெட்கப்பட்டே எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கிறோம். ஆண்பிள்ளைக்கு ஆறு பெரிது. பொம்பிளைக்கு அந்த ஆற்றில் ஒதுங்க இடமில்லை. விடியப் பார்த்து இறங்க வேண்டும், இருட்டப் பார்த்து இறங்க வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்கப் பயம். பூமணி இல்லாவிட்டால் என் பாடு நாறியிருக்கும். அவள் வாய் சும்மா இராது. "றஹீமாக்கா, வீடியோவில உங்களப் பாத்தன், படத்தில நடிக்கிற ஆள் மாதிரி இரிக்கீங்க. கக்கூசுக்கு மட்டும் எங்கட வளவுக்கு வாறீங்க" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே கிணற்று வாளியை எடுத்துத் தருவாள். அவர்கள் தமிழ் ஆக்களிலும் மகளுக்கு வீடு கொடுக்கிற வழக்கம்தான். "நாங்க குடுத்திட்டு வளவுக்குப் பின்னால போறம். நீங்க எண்டா ஆத்துக்கே போயிட்டீங்க" என்று ஒருநாள் சொன்னாள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

நாங்கள் இங்கே வந்து சேர்ந்த கதை உனக்கு அரைவாசிதான் தெரியும். ஹிமாயா ராத்தாவின் கலியாணத்துக்கு இருந்த வீட்டைக் கொடுத்தோம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு நஸ்லாவுக்கு இரண்டாவது வீட்டைக் கட்டினோம். உன் வியர்வையும் அந்தச் சுவரில் இருக்கிறது. பக்கத்து அறை எங்களுக்கு என்றுதான் பேச்சு. நஸ்லாவின் மாப்பிள்ளை, நம் மருமகன், கெட்டவர் இல்லை. தன் ஹாட்வெயார் கடையில் இடம் போதவில்லை என்று முதலில் சில பைப்புகளை அந்த அறையில் வைத்தார். பிறகு பெயின்ற் வாளிகள் வந்தன. ஒருநாள் உன் வாப்பா பள்ளிவாசலால் வந்து பார்க்கிறார், அவருடைய கட்டில் சுவரோடு நிமிர்த்திச் சாத்தியிருக்கிறது, கட்டில் கிடந்த இடத்தில் சீமெந்துப் பைகள். "மாமா, ரெண்டு நாளைக்குத்தான்" என்றார் மருமகன். "அதுக்கென்ன மகன்" என்று சொல்லிவிட்டு இவர் விறாந்தையில் பாய் விரித்தார். நஸ்லா குசினியிலிருந்து வெளியே வரவேயில்லை.

அந்தக் கிழமையே அறுகம்பேக்குப் போய், வெளிநாட்டுக்காரரை ஏற்றி ஆற்றைச் சுற்றிக் காட்டிய ஒரு பழைய கூரை போட்டை வாங்கி லொறியில் ஏற்றி வந்தார். காலமெல்லாம் தனக்கு இருந்த ஆசை இது என்று ஊருக்குச் சொன்னார். அக்கரைக்கும் இக்கரைக்கும் சனம் ஏற்றுகிற பாதைப் படகில் இஞ்சின் ஓட்டியவருக்கு இப்படி ஓர் ஆசை இருந்தது, கூட வாழ்ந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

யாரும் எங்களைத் துரத்தவில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் துரத்துவதில்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தை மகள் பேரில் எழுதிக் கொடுத்த அடுத்த நாளிலிருந்து, பெற்றவர்கள் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொள்வார்கள். முன் மண்டபத்தை விட்டு விறாந்தைக்கு, விறாந்தையை விட்டுப் பின்னால் தகரம் இறக்கிய சாய்ப்புக்கு. சீதனம் ஹராம் என்று மேடையில் முழங்குகிறவர்கள்கூட வீட்டைச் சீதனம் என்று சொல்வதில்லை. அது அன்பளிப்பாம். இருக்கிற கூரையை அன்பளிப்புச் செய்துவிட்டு வெயிலில் நிற்கிறவனைப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ், கடமை முடிந்தது என்பார்கள்.

வாப்பாவின் சுகத்தையும் சொல்ல வேண்டும். போன மழையில் மிதக்கிற ஆற்றுவாழைச் செடி திரண்டு வந்து போட்டை நாலு பக்கமும் அடைத்துவிட்டது. கரை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, போக முடியவில்லை. இஞ்சினில் வேர் சுற்றி நின்றுபோனது. அதை வெட்டப்போய் சறுக்கி, விளிம்பில் நெஞ்சு அடிபட விழுந்தார். பூமணியின் மகன் சசிகரன் தோணியில் கத்தியோடு வழிவெட்டி வந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே இவர் அவனிடம், "ஒண்டுமில்ல தம்பி, சும்மாதான் நிக்கிறம், தேத்தண்ணி குடிக்கிறயா" என்று கேட்டார். சசிகரன் என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன். இன்றைக்கும் இடப்பக்கம் சரிந்து படுக்க அவரால் முடியாது. போனில் உன்னிடம் கொட்டாவி விடுகிற மாதிரிக் காட்டுவதெல்லாம் மூச்செடுக்கிற வலி.

ஜும்ஆ முடிந்து பள்ளி விட்டிருக்கும். மிச்சத்தை அடுத்த வெள்ளி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை.

மகன், நேற்று முன்தினம் ஹிமாயா என்னைக் கல்முனைக்குடிக்குக் கூட்டிப்போனாள். உனக்குப் பெண்ணாகப் பார்த்திருக்கும் ஸம்றாவின் வீட்டுக்கு. அவளுடைய வாப்பா ஸலாஹுதீன் தபால் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர். ஒரே பிள்ளை. வீடு சின்னது, துப்புரவானது. ஸம்றாவின் உம்மா எனக்கு அறை அறையாகத் திறந்து காட்டினா. மின்விசிறியைப் போட்டுக் காட்டினா, குழாயைத் திறந்து காட்டினா. ஹிமாயா ஓடுகளை எண்ணுகிற மாதிரிக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுசிக்குக் கையில் ஒரு துணி இருந்தது. கதைத்துக்கொண்டே கதவு நிலையையும் ஜன்னல் கம்பியையும் துடைத்துக்கொண்டே வந்தா. நஸ்லாவின் மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நானும் இப்படித்தான் துடைத்தேன்.

பக்க அறையில் ஒரு ஜன்னல், கிழக்குப் பார்த்தது. வெளியே அதை ஒட்டி இரண்டு வரிசை கல் அடுக்கியிருந்தார்கள், மேலே தகரம். இது என்னவென்று கேட்டேன். "நாங்க ரெண்டு பேரும் இரிக்க ஒரு சாய்ப்பு" என்றா. பிறகு ஹிமாயாவுக்குக் கேட்காத மாதிரி என் பக்கம் குனிந்து, "ராத்தா, உங்கட வீடியோ பாத்தம். அதுல இருந்து இவர் சாய்ப்பும் வேணாமாம், புள்ளைக்கு வீட்டக் குடுத்திட்டு நாமளும் ஒரு போட் எடுப்பம் எண்டு சொல்றார். எனக்கு நீந்தத் தெரியா. இரிக்க நல்லமா ராத்தா?" என்று கேட்டா.

நான் என்ன சொல்வது? நல்லம் என்றால் பொய். நல்லமில்லை என்றால் உன் வாப்பாவைச் சந்தியில் நிறுத்துகிறேன். "காத்து வரும்" என்றேன். அது உண்மை. அதற்குள் ஹிமாயா வந்து, "உம்மாக்கு இப்ப வீட்டுக்குள்ள நிண்டா மூச்சு முட்டுது" என்று சிரித்தாள். ஸலாஹுதீன் என்னிடம் இஞ்சின் என்ன குதிரைவலு, மழைக்கு ஒழுகுமா என்று ஆசையாக விசாரித்தார். தேத்தண்ணி கொண்டுவந்த ஸம்றா, "வாப்பா, நீங்க குளத்துல கால் நனைக்கவே ரெண்டு பேரப் புடிக்கிற ஆள்" என்று சொல்லித் தட்டை மேசையில் வைத்த வேகத்தில் கோப்பைகள் குலுங்கின. கோபக்காரப் பிள்ளை. எனக்குப் பிடித்திருக்கிறது. அவளைக் கட்டிக்கொள், மகன்.

ஆனால் வீட்டை வாங்காதே.

நீ போன மாதம் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. வீடு கைக்கு வந்ததும் பக்க அறையை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் தருவேன், போட்டை விற்றுவிடுங்கள் என்றாய். நல்ல மனதோடு சொன்னாய். போன் சத்தமாக இருந்தது, வாப்பாவும் கேட்டார். அன்றிலிருந்து அவர் போட்டுக்குத் தார் பூசுவதை விட்டுவிட்டார். கீழ்ப் பலகையால் தண்ணீர் கசிகிறது. காலையில் வாளியால் அள்ளி ஊற்றுகிறார். தும்பு வைத்து அடையுங்களேன் என்றால், "இனி என்னத்துக்கு றஹீமா, கொஞ்ச நாளைக்குத்தானே" என்கிறார். பெண் பார்த்துவிட்டு வந்த என்னிடம் பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பக்க அறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். கிழக்கு என்றேன். காலை வெயில் நெஞ்சுக்கு நல்லது என்றார். அந்த ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று நான் சொல்லவில்லை.

எனக்கும் அந்த அறை வேண்டும், மகன். மறைக்க மாட்டேன். அங்கே நின்ற கொஞ்ச நேரம் என் கால்கள் இரண்டும் தரையை விட்டு வர மறுத்தன. கதவைச் சாத்தினால் ஒரு கக்கூஸ், குழாயைத் திறந்தால் தண்ணீர். ஆனால் நாங்கள் அந்த வீட்டில் ஏறுகிற நேரம் அவர்கள் அதை விட்டு இறங்குவார்கள். நீந்தத் தெரியாத அந்த மனுசி, நான் விட்டுவிட்டு வந்த இடத்தில் போய் உட்காருவா. அடுத்த பொடியன் அடுத்த வீடியோ எடுப்பான்.

அவர்களிடம் நீயே கதை. வீட்டை ஸம்றாவின் பேரில் எழுதட்டும். பெண் பிள்ளைக்கு ஒரு பிடிமானம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் உயிரோடு இருக்கும் மட்டும் அது அவர்கள் வீடு, அவர்கள் கட்டில், அவர்கள் முன் மண்டபம். நீயும் அவளும் இரண்டு அறை வாடகைக்கு எடுங்கள். ஹிமாயா சத்தம் போடுவாள். வீடு வேண்டாம் என்கிற மாப்பிள்ளையில் ஏதோ குறை இருக்கிறது என்று ஊர் கதைக்கும். கதைக்கட்டும். வாய்தானே வலிக்கும்.

வாப்பாவுக்கு நான் எழுதியது தெரிய வேண்டாம். நீயாக எடுத்த முடிவு என்று சொல். உன்மேல் கோபித்துக்கொண்டு சில நாள் கதைக்காமல் இருப்பார். பிறகு வெள்ளைக்காரன் கதையைத் திரும்பத் தொடங்குவார். சசிகரனிடம் தாரும் தும்பும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அடைக்க நான் பழகிக்கொள்வேன்.

போட்டில் தொழும்போது மேற்கே கிப்லாத் திசையைப் பார்த்துத் தக்பீர் கட்டுவேன். கயிற்றில் போட் மெல்லத் திரும்பும். தொழுது முடித்து ஸலாம் கொடுக்கும்போது கண் முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிழக்கே கல்முனை நிற்கும். மனதில் நினைக்கிற நிய்யத்து சரியாக இருந்தால் போதும் என்று மௌலவி சொன்னார். என் நிய்யத்து சரியாகத்தான் இருக்கிறது, மகன். கால்தான் நிற்குதில்லை.

வரும்போது வாப்பாவின் நெஞ்சுக்குப் பூச ஏதாவது தைலம் வாங்கி வா. அல்லாஹ் உன்னையும், ஸம்றாவையும், அவளைப் பெற்றவர்களையும் ஆடாத தரையில் வைத்திருப்பானாக. எங்களுக்கும் சேர்த்து ஒரு ஆமீன் சொல்லிவிடு.

உன் உம்மா,
றஹீமா.