ஆண்களுக்கும் அறை உண்டு

அன்புள்ள மகனுக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுபத்திரண்டு வயதில் கற்றது. கடித உறையில் உன் பெயரை எழுதிய மகிழ்ச்சியில் அதை இரண்டு தரம் வாசித்தேன். தொலைபேசியில் உன் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதால் இதை உன் வேலையிடத்துக்கு அனுப்புகிறேன்.

அன்று நீ கழுத்துக் காயத்தைக் காட்டியபோது, "மனுசி அடிச்சதெண்டு வெளியிலை கதையாதை, சனம் சிரிக்கும்" என்றேன். முதலில் சிரித்தவன் நான்தான்.

நேற்று எங்கள் வீட்டருகே மோர்டென்ஸ்ருட் ஸ்டேஷனில் ரயிலேறி, வீட்டில் அடிபட்டவர்கள் தங்கும் அரசாங்க நிலையத்துக்குப் போனேன். ஆண்களுக்கும் தனி அறை உண்டாம், இலவசமாம்.

"நான் அவனைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"ஐயா, அவர் தானா விரும்பி வரோணும்" என்றாள் அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை.

அந்தப் பிள்ளை எழுதித் தந்த முகவரியை இதோடு வைத்திருக்கிறேன்.

அடுத்த கிழமையும் எழுதுவேன். அதற்குமுன் நீ அங்கே போய்விட்டால், எழுத வேறு விஷயம் தேடிக்கொள்வேன்.

அப்பா